டெக்சாஸில் வீடு, கலிபோர்னியாவில் ஐந்து மாத வேலை: நான் எந்த மாநிலத்து ஆள்?

மடிப்பாக்கம்_மணி:

வணக்கம். ஜனவரியில் மூட்டை முடிச்சோடு சென்னைக்கே திரும்பிவிட்டேன், இப்போது வேலை தரமணியில். ஆனால் 2025 முழுக்க எச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில்தான் இருந்தேன், அந்த வருடத்து வரிக் கணக்கை இங்கே உட்கார்ந்துகொண்டு முடித்தாக வேண்டும்.

வீடு, மனைவி, பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் டெக்சாஸில், இர்விங்கில். கம்பெனி என்னை மட்டும் மார்ச் 3 முதல் ஆகஸ்ட் 8 வரை கலிபோர்னியாவில் சன்னிவேலில் உள்ள கிளையண்ட் ஆபீஸுக்கு அனுப்பியது. அறை வாடகை கம்பெனியே கொடுத்தது. நடுவில் ஏழு தடவை வியாழன் ராத்திரி விமானத்தில் இர்விங் போய், வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டு ஞாயிறு திரும்பினேன். தங்கை கல்யாணத்துக்காக ஏப்ரல் 28 முதல் மே 16 வரை மடிப்பாக்கத்தில் இருந்தேன். அதில் ஒரு வாரம் லீவு, மீதி இரண்டு வாரம் சாயங்காலம் எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து விடியற்காலை நாலு வரை வேலை. கத்திரி வெயில், கரண்ட் போனால் மொட்டை மாடியில் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு மீட்டிங், அது தனிக் கதை.

வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் டபிள்யூ-2 படிவம் இர்விங் பழைய முகவரிக்குப் போய்விட்டது. நண்பன் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினான், அவன் கட்டைவிரல் சரியாக பாக்ஸ் 15-ஐ மறைத்திருந்தது. மறுபடி எடுக்கச் சொல்லிப் பார்த்தால் அங்கே 'சிஏ', அதாவது கலிபோர்னியா என்று இருக்கிறது! பாக்ஸ் 1-இல் மொத்தச் சம்பளம் 1,20,000 டாலர். பாக்ஸ் 16-இல் கலிபோர்னியா சம்பளம் என்று 53,077. பாக்ஸ் 17-இல் மாநில வரியாகப் பிடித்தது 2,310.

பழைய டீமில் ஒருவர், "183 நாள் தாண்டவில்லையே, அந்த 2,310-ஐ அப்படியே திரும்ப வாங்கிவிடு" என்கிறார். இன்னொருவர், "ஐந்து மாதம் இருந்திருக்கிறாய், நீ கலிபோர்னியா ரெசிடெண்ட், சென்னை எஃப்டி வட்டி வரைக்கும் அவர்களுக்குக் காட்ட வேண்டும்" என்று பயமுறுத்துகிறார். எது சரி?

பிளேனோ_பழனி:

முதல் நண்பர் சொன்னதுதான் சரி தம்பி. நீங்கள் இருந்தது மொத்தமே 159 நாள். அதிலும் சென்னைக்குப் போன நாட்களைக் கழித்தால் இன்னும் குறையும். 183-க்குக் கீழே இருந்தால் அந்த மாநிலத்துக்கு வரி கிடையாது. ரிட்டர்ன் போட்டால் பணம் வந்துவிடும்.

ஏரிக்கரை_ஆடிட்டர்:

பழனி அண்ணே, கோபிக்காதீர்கள், ஆனால் இது தப்பு. நான் பகலில் ஓ.எம்.ஆரில் அமெரிக்க ரிட்டர்ன் போடும் கூட்டத்தில் ஒருவன், சீசனில் இரவும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாரத்துக்கு நாலு பேராவது இதே 183-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. நீங்கள் எந்த மாநிலத்தின் ஆள் என்பது ஒன்று. அந்தப் பணம் எந்த மண்ணில் உழைத்து வந்தது என்பது இன்னொன்று. 183 என்கிற எண்ணுக்கு முதல் கேள்வியில் சில மாநிலங்களில் வேலை உண்டு. இரண்டாவது கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கலிபோர்னியாவில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து வேலை செய்தாலும் அந்த ஒரு நாள் சம்பளம் கலிபோர்னியா வருமானம்தான், நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. இல்லினாய் மாதிரி சில மாநிலங்கள் 30 வேலை நாள் வரை போகட்டும் என்று விட்டுவிடும். கலிபோர்னியா சம்பளத்தில் அப்படி விடாது. ஆகவே 2,310 அப்படியே திரும்ப வராது.

இரண்டாவது நண்பர் சொன்னதும் தப்பு. கலிபோர்னியா பார்ப்பது தற்காலிகமாக வந்தீர்களா, தங்கிவிட வந்தீர்களா என்பதைத்தான். அங்கே ஒரு வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் ரெசிடெண்ட் என்றே எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள், இல்லை என்று நிரூபிப்பது நம் தலையில் விழும். உங்களுக்கு ஐந்து மாதம் சொச்சம், முடியும் தேதி முன்பே தெரிந்த வேலை, குடும்பம் இர்விங்கில், வேலை முடிந்ததும் அங்கேயே திரும்பியிருக்கிறீர்கள். நீங்கள் டெக்சாஸ் ரெசிடெண்ட், கலிபோர்னியாவுக்கு நான்-ரெசிடெண்ட். போட வேண்டியது 540என்ஆர் படிவம். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை என்பதால் அங்கே எதுவும் போட வேண்டாம்.

டிரைவிங் லைசன்ஸை மாற்றினீர்களா? அங்கே கார் வாங்கிப் பதிவு செய்தீர்களா?

மடிப்பாக்கம்_மணி:

இல்லை சார், டெக்சாஸ் லைசன்ஸ்தான், காரும் இர்விங்கிலேயே நின்றது. சன்னிவேலில் சைக்கிளும் பஸ்ஸும்தான். ஆனால் எச்-1பி அமெண்ட்மெண்ட் போட்டார்கள், அதில் வேலை இடம் சன்னிவேல் என்று இருக்கிறதே, அது பாதிக்குமா?

ஏரிக்கரை_ஆடிட்டர்:

அது குடியேற்றத் துறைக்காகப் போட்டது. எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி, எங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கு இல்லை. எங்கே வேலை என்பதை நாம் மறுக்கவே இல்லையே.

இப்போது முக்கியமான விஷயம், உங்கள் கேள்வியில் நீங்களே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனது. பாக்ஸ் 16-இல் உள்ள 53,077 எப்படி வந்தது என்று பார்த்தீர்களா? 1,20,000-ஐ 52 வாரத்தால் வகுத்து 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். மார்ச் 3 முதல் ஆகஸ்ட் 8 வரை சரியாக 23 வாரம். பேரோலில் யாரோ ஒருவர் மார்ச்சில் 'சிஏ' என்று ஒரு டிக் போட்டு, ஆகஸ்டில் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நீங்கள் மடிப்பாக்கம் மொட்டை மாடியில் உட்கார்ந்து சம்பாதித்ததற்கும் கலிபோர்னியாவுக்கு வரி பிடித்திருக்கிறார்கள்!

நான்-ரெசிடெண்டுக்குச் சம்பளத்தை வேலை நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். 2025-இல் திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் 261 நாள். உங்கள் கம்பெனி விடுமுறை எத்தனை, நீங்கள் எடுத்த லீவு எத்தனை என்று சொல்லுங்கள்.

மடிப்பாக்கம்_மணி:

விடுமுறை 9, லீவு 12. லீவில் 5 நாள் கல்யாண வாரம், மீதி 7 நாள் டிசம்பரில் இர்விங்கில் பையனுக்கு விடுமுறை விட்டபோது. சன்னிவேலில் இருந்த காலத்தில் வந்த கம்பெனி விடுமுறை மெமோரியல் டேயும் ஜூலை 4-ம் மட்டும்தான்.

ஏரிக்கரை_ஆடிட்டர்:

அப்போது சுலபம். 261-இல் 21 போனால் வேலை நாள் 240. நாள் ஒன்றுக்கு 500 டாலர், கணக்குக்காகவே வாங்கின சம்பளம் மாதிரி இருக்கிறது. 23 வாரத்தில் வாரநாள் 115. சென்னையில் கழிந்த 15-ஐ எடுங்கள், 100. இரண்டு விடுமுறை, 98. இர்விங்கில் வேலை பார்த்த ஏழு வெள்ளிக்கிழமை, 91. ஆக கலிபோர்னியா சம்பளம் 91 பெருக்கல் 500, அதாவது 45,500. டபிள்யூ-2-இல் இருப்பதைவிட 7,577 குறைவு.

ஆனால் 45,500-க்கு மட்டும் தனியாகச் சின்ன ஸ்லாபில் வரி போடுவார்கள் என்று நினைக்காதீர்கள், எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். மொத்த 1,20,000-மும் கலிபோர்னியாவில் வந்திருந்தால் எத்தனை சதவீதம் ஆகியிருக்குமோ அதைக் கண்டுபிடித்து, அந்தச் சதவீதத்தை 45,500 மேல் வைப்பார்கள். சென்னை எஃப்டி வட்டியும் அந்த மொத்தத்தில் நுழைந்து சதவீதத்தைக் கொஞ்சம் ஏற்றும், ஆனால் அந்த வட்டிக்கே கலிபோர்னியா வரி கிடையாது. ஃபெடரலில், அதாவது அமெரிக்க மத்திய அரசின் வரிக் கணக்கில், அதைக் கட்டாயம் காட்ட வேண்டும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்காக இருந்தாலும்தான். இங்கே வரி இல்லையே என்று விட்டுவிடுவார்கள், அங்கே உண்டு.

கம்பெனி கொடுத்த வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வருடத்துக்குள் முடியும் என்று தெரிந்தே போன வேலை என்பதால் அது பொதுவாகச் சம்பளத்தில் சேராது. பாக்ஸ் 1-இல் அதையும் சேர்த்துவிட்டார்களா என்று கடைசிச் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள்.

எடிசன்_இட்லி:

மணி, கலிபோர்னியாவுக்கு அனுப்பினார்களே என்று சந்தோஷப்படுங்கள். நான் நியூஜெர்சியில் எடிசனில் குடியிருந்து நியூயார்க் ஆபீஸுக்கு ரயிலில் போய்வந்தவன். 2023-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் நங்கநல்லூர் வந்து மூன்று வாரம் அங்கிருந்தே வேலை பார்த்தேன். உங்களை மாதிரியே அந்த 15 நாளைக் கழித்து நியூயார்க்குக்கு ஐடி-203 என்கிற நான்-ரெசிடெண்ட் படிவம் போட்டேன். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது, கழித்தது செல்லாது, வட்டியோடு கட்டு என்று.

நியூயார்க்கில் ஒரு விதி இருக்கிறது. உங்களுக்கென்று ஒதுக்கிய ஆபீஸ் நியூயார்க்கில் இருந்து, நீங்கள் வெளியில் இருந்து வேலை பார்த்தது உங்கள் வசதிக்காகத்தான் என்றால், அந்த நாளும் நியூயார்க் நாள்தான். கம்பெனிக்கு அவசியம் என்பதால் வெளியே அனுப்பினார்கள் என்றால்தான் கழிக்கலாம். அப்பாவின் பைபாஸ் என் கம்பெனிக்கு அவசியம் இல்லையாம். பென்சில்வேனியா, டெலவேர், நெப்ராஸ்கா என்று இன்னும் சில மாநிலங்களிலும் இதே மாதிரி உண்டு. கலிபோர்னியாவில் கிடையாது, உடல் எங்கே இருந்ததோ அங்கேதான் கணக்கு.

நியூயார்க்கில் 183-க்கு ஒரு நிஜமான வேலையும் உண்டு, பழனி அண்ணனுக்காகச் சொல்கிறேன். அங்கே வருடத்தில் பெரும்பகுதி உங்கள் கையில் ஒரு வீடு இருந்து, 183 நாளுக்கு மேல் அங்கே காலும் வைத்திருந்தால், நிரந்தர வீடு வேறு மாநிலத்தில் இருந்தாலும் ரெசிடெண்ட் ஆக்கிவிடுவார்கள். பொதுவாக ஒரு நாளில் ஒரு பகுதி இருந்தாலே முழு நாள்.

பிளேனோ_பழனி:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் பத்து வருடமாக டெக்சாஸை விட்டு நகரவே இல்லை, அதனால் இந்தத் தலைவலி தெரியாது. ஆனால் ஒரு சந்தேகம். டெக்சாஸுக்குப் பதில் இவர் குடியிருந்தது வரி உள்ள மாநிலமாக இருந்தால் இரண்டு பக்கமும் கட்ட வேண்டியிருக்குமா?

ஏரிக்கரை_ஆடிட்டர்:

இரண்டு பக்கமும் ரிட்டர்ன் போட வேண்டும், ஆனால் இரண்டு முழு வரி இல்லை. வேலை பார்த்த மாநிலத்துக்கு முதலில் கட்டிவிட்டு, குடியிருக்கும் மாநிலத்தில் மொத்த வருமானத்தையும் காட்டி, வேலை பார்த்த மாநிலத்தில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். இட்லி சாருக்குத் தெரியும், நியூஜெர்சியில் அதற்கு என்ஜே-சிஓஜே என்று ஒரு தாள். இரண்டில் எந்த மாநிலத்து வரி அதிகமோ அதை நாம் சுமக்க வேண்டிவரும். மேரிலாந்து இந்தக் கழிவை முழுசாகத் தராமல் தன் ஆட்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது, 2015-இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது.

பக்கத்து பக்கத்து மாநிலங்கள் சிலவற்றுக்குள் ஒப்பந்தமும் உண்டு. நியூஜெர்சியில் குடியிருந்து பென்சில்வேனியாவில் வேலை பார்த்தால் சம்பளத்துக்கு நியூஜெர்சி வரி மட்டும் போதும், அதற்குக் கம்பெனியிடம் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். ஆனால் ஆபீஸ் ஃபிலடெல்பியா நகரத்துக்குள் இருந்தால் நகர வரியை விடமாட்டார்கள், ஒப்பந்தம் மாநில வரிக்கு மட்டும்தான்.

பென்ஷன்_பெரியவர்:

வயசானவன் குறுக்கே பேசுவதை மன்னிக்கவும். மகள் அங்கே இருப்பதால் இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கு மட்டும்தான் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது. மாநிலத்தின் பக்கம் இருப்பது தொழில் வரி ஒன்றுதான், அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு, வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 1988-இல் திருத்தம் வருவதற்கு முன்பு வரம்பு 250 ரூபாய்தான். சென்னையில் மாநகராட்சி அரையாண்டுக்கு ஒரு தடவை வாங்குகிறது. என் தம்பி மகனை பெங்களூருக்கு மாற்றினார்கள், அங்கே மாதா மாதம் பிடிக்கிறார்கள் என்று புலம்பினான். அவனை இதை வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

ஒரு கேள்வி. மணி தம்பி மடிப்பாக்கத்தில் இருந்து வேலை பார்த்தார் என்றால் அந்தப் பணத்துக்கு இந்தியாவில் வரி வராதா?

ஏரிக்கரை_ஆடிட்டர்:

நல்ல கேள்வி ஐயா, யாரும் கேட்காமல் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். இங்கே உட்கார்ந்து வேலை செய்த சம்பளம் சட்டப்படி இந்திய வருமானம்தான். ஆனால் இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் 16-வது பிரிவு இருக்கிறது. அங்கே குடியிருக்கும் ஒருவர் அந்த வரி ஆண்டில் இங்கே இருந்தது 183 நாளைத் தாண்டாமல், சம்பளம் கொடுத்தது அங்குள்ள கம்பெனியாக இருந்து, அதன் இந்தியக் கிளையின் கணக்கில் அந்தச் செலவை ஏற்றாமல் இருந்தால் இங்கே வரி இல்லை. பார்த்தீர்களா, 183 கடைசியில் இங்கே வந்து நிற்கிறது. அந்த ஒப்பந்தம் ஃபெடரல் வரிக்கானது, கலிபோர்னியா அதற்குக் கட்டுப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மணி, தரமணி சம்பளத்துக்கு இங்கே ரிட்டர்ன் போடும்போது மடிப்பாக்கத்தில் வேலை பார்த்த இந்தப் பத்து நாளையும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மடிப்பாக்கம்_மணி:

ரொம்ப நன்றி சார். பழைய கம்பெனி பேரோலில் கேட்டேன். டபிள்யூ-2சி என்று திருத்திக் கொடுங்கள் என்றால், "எங்கள் சிஸ்டத்தில் உங்கள் வேலை இடம் சன்னிவேல் என்றே இருந்தது, நீங்கள் சொல்லவில்லை" என்று பதில். சென்னையில் இருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு மேனேஜருக்கு அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தராவிட்டால் என்ன செய்வது? 45,500 என்று நானே போட்டுவிடலாமா?

ஏரிக்கரை_ஆடிட்டர்:

போடலாம், ஆனால் டபிள்யூ-2-க்கும் ரிட்டர்னுக்கும் ஒத்துப்போகாவிட்டால் கடிதம் வர வாய்ப்பு அதிகம். அதற்கு இப்போதே தயாராக இருங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்தியாவில் இருந்து வேலை பார்த்தார் என்று இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள், டபிள்யூ-2சி தர முரண்டு பிடிப்பவர்கள்கூட இதைக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் மீனம்பாக்கத்தில் குத்திய முத்திரைப் பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். அமெரிக்க எல்லைத் துறையின் தளத்தில் ஐ-94 பயண வரலாறு கிடைக்கும், போன தேதி வந்த தேதி இரண்டும் அதில் இருக்கும். அந்த ஏழு வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் மெயில்கள் போதும். 115-இல் தொடங்கி 91-இல் முடிகிற கணக்கை ஒரே பக்கத்தில் டைப் செய்து ரிட்டர்னோடு இணைத்துவிடுங்கள்.

கடைசித் தேதி ஏப்ரல் 15. கலிபோர்னியாவுக்குத் தனியாக எதுவும் எழுதிக் கேட்காமலே அக்டோபர் 15 வரை ரிட்டர்ன் போட நேரம் உண்டு, பணம் பாக்கி இருந்தால் மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். உங்களுக்கு அநேகமாக அவர்கள்தான் தர வேண்டியிருக்கும், அதனால் பேரோலின் பதிலுக்குக் காத்திருந்தே போடலாம். ஃபெடரலைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் 4868 படிவம் போட வேண்டும்.

எடிசன்_இட்லி:

மணி, அங்கே உள்ள பேங்க் கணக்கை மூடிவிட்டீர்களா? மூடவில்லை என்றால் ரீஃபண்ட் வரும் வரை தொடாதீர்கள். நான் அவசரப்பட்டு மூடினேன், நியூஜெர்சி ரீஃபண்ட் காகிதக் காசோலையாக வந்தது, நங்கநல்லூரில் இருந்து மூன்று பேங்க் ஏறி இறங்கியும் மாற்ற முடியவில்லை. 214 டாலர். பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.

மடிப்பாக்கம்_மணி:

மூடவில்லை அண்ணே, நல்லவேளை. போன வாரம்தான் மூடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடியது. லெட்டர்ஹெட்டுக்கு மெயில் போட்டுவிட்டேன். சன்னிவேல் போர்டிங் பாஸ்களை எல்லாம் மனைவி வரும்போது குப்பையில் போட்டுவிட்டாளாம், மெயிலில் தேடிக்கொண்டிருக்கிறேன், ஐந்து வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி.